பட்டத்துக்கு எடைக்கல் உண்டா?

2005 ஜூலையில் ஜார்ஜியா நாட்டுப் பெற்றோர்கள் அதுவரை பார்த்திராத ஒரு காட்சியைப் பார்த்தார்கள். பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு நடந்த கூடங்களுக்கு வெளியே திரைகள் வைக்கப்பட்டிருந்தன. உள்ளே பிள்ளைகள் தேர்வெழுதுவது அவற்றில் நேரடியாகத் தெரிந்தது. வினாத்தாள்கள் பிரிட்டனில் அச்சாகி, பலத்த காவலோடு வந்து சேர்ந்திருந்தன. விடைத்தாளில் மாணவர் பெயர் கிடையாது, குறியீடு மட்டும். திருத்துகிறவருக்கு இது யார் வீட்டுப் பிள்ளையின் தாள் என்று தெரிய வழியில்லை.

சென்னை மாநகரத்தைவிடக் குறைந்த மக்கள்தொகை உள்ள நாடு ஜார்ஜியா. ஒரு நுழைவுத்தேர்வுக்கு அது ஏன் இத்தனை காவல் போட்டது? அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அங்கே பட்டம் என்பது விலைக்கு வாங்கும் பொருளாகியிருந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தேர்வு வைத்தது, தானே சேர்த்துக்கொண்டது. சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியரிடமே மாணவர் முன்கூட்டித் தனிப்பயிற்சி எடுப்பது வழக்கம். அந்தக் கட்டணத்தில் பாடம் எவ்வளவு, இடத்துக்கான விலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் விலை அதிகம் என்பதை நாடே அறிந்திருந்தது.

அந்தப் பேராசிரியர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்தபோது ஜார்ஜியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது, மின்சாரம் போனது, பணத்தின் மதிப்பு கரைந்தது. பேராசிரியரின் மாதச் சம்பளம் ஒரு குடும்பம் நடத்தப் போதாத தொகையாகச் சுருங்கியது. இவானே ஜவாகிஷ்விலி போன்ற அறிஞர்கள் 1918-இல் கனவோடு தொடங்கிய, தலைநகரின் திபிலீசிப் பல்கலைக்கழகம் உட்பட, எல்லாமே அந்த வறுமையில் மாட்டிக்கொண்டன.

சோவியத் காலத்தில் பட்டத்தின் தரத்தை யாரும் தனியாக ஆராயவில்லை. கல்லூரி அரசுடையது, பாடத்திட்டம் அரசுடையது, படித்து வெளியே வருபவருக்கு வேலை கொடுப்பதும் அரசு. தயாரிப்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருக்கும்போது சான்று கொடுக்க மூன்றாம் ஆள் தேவைப்படவில்லை. ஆய்வுப் பட்டங்களுக்கு மட்டும் 1932 முதல் மாஸ்கோவில் ஓர் உயர் ஆணையம் இருந்தது. ஒன்றியத்தின் எந்த மூலையில் முனைவர் பட்டம் கொடுத்தாலும் கோப்பு அங்கே போய்த் திரும்ப வேண்டும். 1991-இல் இந்த அமைப்பு முழுவதும் சரிந்தது. தனியார் கல்லூரி தொடங்கச் சட்டம் அனுமதித்தது. வாடகைக்கு இரண்டு மாடி பிடித்தவர்களும் பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டினார்கள். ஜார்ஜியாவில் உயர்கல்வி நிறுவனங்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. அவற்றில் எது நல்லது, எது போலி என்று சொல்ல நாட்டில் யாருமில்லை.

இப்படிப்பட்ட நிலையில் என்ன நடக்கும் என்பதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. 1970-இல் ஜார்ஜ் அக்கெர்லாஃப் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்தக் காருக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது மோசமான கார்கள். இந்தச் சிந்தனைக்காகப் பின்னர் 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கல்வியின் நிலை இதைவிடச் சிக்கலானது. கார் ஓட்டிப் பார்த்தால் ஓரிரு மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். சில பொருள்களின் தரமோ வாங்கிப் பயன்படுத்திய பிறகும் வாங்கியவருக்குத் தெரியாது என்று 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் காட்டினார்கள். மருத்துவம் அப்படி, படிப்பும் அப்படி. நான்கு ஆண்டு படித்து முடித்தவருக்கு, தனக்குக் கற்பிக்கப்படாமல் போனது என்ன என்பது எப்படித் தெரியும்?

ஆகவே மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். உள்ளே போய்ப் பார்த்து, இது பல்கலைக்கழகம்தான் என்று முத்திரை வைப்பவர். இதைத்தான் தர அங்கீகாரம் என்கிறோம். இந்தியாவில் 1994-இல் பெங்களூரில் தொடங்கிய நாக் அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. செக்கோஸ்லோவாக்கியா 1990-லும், ஹங்கேரியும் ருமேனியாவும் 1993-லும் சட்டம் இயற்றி இதற்கான அமைப்புகளை ஏற்படுத்தின. மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் அப்போது இத்தகைய அமைப்பே கிடையாது. நெருக்கடியில் இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

ஜார்ஜியா தாமதமாக வந்தது, ஆனால் வேகமாக வந்தது. 2003 நவம்பரில் ரோஜாப் புரட்சி என்ற மக்கள் போராட்டம் ஆட்சியை மாற்றியது. அடுத்த ஆண்டின் இறுதியில் புதிய உயர்கல்விச் சட்டம். 2005-இல் பொது நுழைவுத்தேர்வும் முதல் அங்கீகாரச் சுற்றும். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவருக்கு அரசு உதவித்தொகை கிடைத்தது. அவர் எந்தக் கல்லூரிக்குப் போனாரோ அங்கே அந்தப் பணமும் போனது. அங்கீகாரம் இல்லாத கல்லூரி புதிய மாணவர்களைச் சேர்க்க முடியாது. முதல் சுற்றிலேயே ஏறத்தாழ பாதி நிறுவனங்கள் தேறவில்லை. அவற்றின் வாசல் வழியாகப் புதிதாக யாரும் நுழையவில்லை.

முதல் சுற்றில் அளந்தது பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றை: மாணவருக்கு எத்தனை சதுர மீட்டர், நூலகத்தில் எத்தனை நூல், எத்தனை கணினி, எத்தனை ஆசிரியர். இதை மேலோட்டமான அளவை என்று பலர் குறை சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கட்டடமே இல்லாத பல்கலைக்கழகத்தைப் பிடிக்க அளவுநாடாதான் சரியான கருவி. நடுநிலையானது, விரைவானது, லஞ்சம் வாங்கிக்கொண்டு ஐந்தைப் பதினைந்தாக எழுதினால் அடுத்தவர் போய் அளந்து கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் எண்ணிக்கைக்கு ஆயுள் குறைவு. எதை எண்ணுவார்கள் என்று தெரிந்துவிட்டால் அதை மட்டும் தயார்செய்து வைக்கப் பழகிவிடுவார்கள். பிரிட்டனின் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இப்போது அவர் பெயராலேயே விதியாகிவிட்டது: ஓர் அளவை இலக்காக மாறினால் அது நல்ல அளவையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளில் இதற்கென்று ஒரு பெயரே புழங்குகிறது. 'பறக்கும் பேராசிரியர்கள்' என்பார்கள். ஒரே பேராசிரியர் திங்கள்கிழமை ஓர் ஊரில், புதன்கிழமை இன்னோர் ஊரில், வெள்ளிக்கிழமை மூன்றாம் ஊரில். மூன்று கல்லூரிகளின் பட்டியலிலும் அவர் முழுநேர ஆசிரியர். ஆய்வுக்குழு ஒவ்வொரு கல்லூரியாகப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கும். எல்லாப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வெளிப்படும். தமிழ்நாட்டில் 2024-இல் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு செய்தது இதைத்தான்: பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரே பெயர்கள் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்ததை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பட்டியல்கள் பொதுவில் இருந்ததால்தான் அது முடிந்தது.

எண்ணிக்கையின் மோசமான உதாரணம் ருமேனியாவில் இருக்கிறது. ஸ்பிரு ஹாரெட் ஒரு கணித மேதை. கோள்களின் பாதைகள் என்றென்றும் மாறாமல் நிலைத்திருக்குமா என்ற கேள்வியில் பிரெஞ்சு அறிஞர் லப்லாஸ் வழிவந்த நம்பிக்கையை 1878-இல் பாரிஸில் எழுதிய ஆய்வேட்டில் அசைத்துப் பார்த்தவர். நாடு திரும்பிக் கல்வி அமைச்சராகி ருமேனியப் பள்ளிகளைச் சீரமைத்தவர். நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பெயரையே தாங்கிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 2009 வாக்கில் சுமார் மூன்று லட்சம் மாணவர்கள் பதிவாகியிருந்தார்கள். சுமார் இரண்டு கோடிப் பேர் வாழும் நாட்டில். தொலைதூரக் கல்வியில் அங்கீகாரமே இல்லாத பாடப்பிரிவுகளை அது நடத்துவதாகவும், அந்தப் பட்டங்கள் செல்லாது என்றும் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் வழக்குகள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்த ஆசிரியைகள், பட்டம் செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் தவித்தார்கள். நிறுவனம் செய்த தவறின் சுமையை மாணவர் தாங்குவது இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. முத்திரை தாமதமாக வந்தால் அது யாரையும் காப்பாற்றுவதில்லை.

கட்டடத்தையும் ஆசிரியரையும் எண்ணி முடித்த பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது. உள்ளே கற்றல் நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1999-இல் 29 ஐரோப்பிய நாடுகள் இத்தாலியின் பொலோனியா நகரில் கூடி, ஒரு நாட்டின் பட்டம் மற்ற நாடுகளிலும் புரியும்படி செய்வோம் என்று உடன்பட்டன. ஜார்ஜியா 2005-இல் அதில் சேர்ந்தது. இன்று 49 நாடுகள் உறுப்பினர்கள். அந்த 2005-இலேயே தரத்தை உறுதிசெய்வதற்கான பொது நெறிகளும் ஏற்கப்பட்டன. 2015-இல் அவற்றைத் திருத்தி ஏற்ற கூட்டம் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் நடந்தது.

அந்த நெறிகளின் வழி எளிமையானது, ஆனால் நுட்பமானது. முதலில் பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும்: எதைக் கற்பிப்பதாகச் சொல்கிறோம், அதை மாணவர் கற்றாரா என்று எப்படி அறிகிறோம், குறை தெரிந்தால் என்ன செய்கிறோம். பிறகு வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழு ஒன்று சில நாள் வந்து தங்கும். அது பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரைத் தனியாகச் சந்திக்கும், ஆசிரியர்களைத் தனியாக, மாணவர்களைத் தனியாக, பழைய மாணவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் தனியாக. பழைய விடைத்தாள்களைப் பிரித்துப் பார்க்கும். அறிக்கையில் எழுதியதையும் முதலாமாண்டு மாணவி சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒரே கேள்வியை ஐந்து பேரிடம் ஐந்து அறைகளில் கேட்பது பொய்யைக் கண்டுபிடிக்க மனிதர்கள் கண்ட மிகப் பழைய முறை. அது இன்னும் வேலை செய்கிறது.

இதில் என்னை அதிகம் கவர்ந்தது, குழுவில் ஒரு மாணவரும் சம உறுப்பினராக உட்கார வேண்டும் என்ற விதி. பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துவிடும் இடத்தில் அந்த இளைஞர் கேட்பார்: ஆய்வகத்தில் இந்தக் கருவி கடைசியாக எப்போது இயங்கியது? நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா? விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார்களா? இருபது வயதுப் பெண்ணொருத்தி முதிய ரெக்டரிடம் இதைக் கேட்டுப் பதில் பெற முடிகிறது என்பது, அச்சத்தில் ஊறிய கல்விமுறைகளில் ஒரு சிறு புரட்சிதான்.

சரி, குழுவை அனுப்பும் அமைப்பின் நேர்மைக்கு யார் பொறுப்பு? காய்கறிக் கடையின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கும். முத்திரை ஆய்வாளரின் கல்லை அதைவிடத் துல்லியமான கல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள். அதை இன்னும் துல்லியமான ஒன்றோடு. அந்தச் சங்கிலி பாரிஸுக்கு அருகே செவ்ரில் 1889 முதல் கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளையில் போய் முடிந்தது. 2019 மே மாதம் முதல் கிலோகிராமை இயற்கையின் மாறிலி ஒன்றே வரையறுக்கிறது. கல்விக்கு அப்படி ஓர் உருளையும் இல்லை, மாறிலியும் இல்லை. உலகின் எந்தப் பெட்டகத்திலும் ஒரு முன்மாதிரிப் பட்டம் பூட்டி வைக்கப்படவில்லை.

அதனால் கல்வியின் சங்கிலி பக்கவாட்டில் போகிறது. இங்கிலாந்தில் 1832-இல் டர்ஹம் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, தன் பட்டம் மதிப்புள்ளதுதான் என்று காட்ட ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேர்வாளர்களை அழைத்தது. இன்றைய ஏற்பாடு அதன் விரிவு. ஒரு நாட்டின் தர அமைப்பைப் பிற நாட்டவர் அடங்கிய குழு ஐந்து ஆண்டுக்கொருமுறை ஆராய்கிறது. தேறினால் அது என்க்வா என்ற ஐரோப்பியச் சங்கத்தில் உறுப்பினராகலாம். 2008-இல் ஏற்பட்ட ஈக்வார் என்ற பதிவேட்டிலும் இடம்பெறலாம். மேலே ஒரு தலைமை எடைக்கல் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு வலை அறுந்துபோகாமல் நிற்கிறது என்பதே எனக்கு வியப்பு.

அது வெறும் சம்பிரதாயம் அல்ல என்று கொசோவோ கற்றுக்கொண்டது. 2008-இல் சுதந்திரம் அறிவித்த அந்த நாடு அதே ஆண்டில் தர அமைப்பையும் நிறுவியது. 2014-இல் பிரிஷ்டினாப் பல்கலைக்கழக மாணவர்கள், பேராசிரியர்கள் போலி ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிட்டுப் பதவி உயர்வு தேடுகிறார்கள் என்று தெருவில் இறங்கிப் போராடி, ரெக்டரைப் பதவி விலக வைத்தார்கள். அவ்வளவு விழிப்பான மாணவர்கள் உள்ள நாடு. ஆனால் 2017-இல் அரசு, தர அமைப்பின் குழுவினரை ஒட்டுமொத்தமாக நீக்கியது. தன் நாட்டுக் குழுவைத்தானே நீக்கினோம் என்று அரசு நினைத்திருக்கலாம். 2018-இல் ஈக்வார் கொசோவோவின் அமைப்பைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு என்க்வா உறுப்பினர் தகுதியும் போனது. கேள்வி அந்த அமைப்பின் அளவைகளைப் பற்றியதாக மட்டும் இல்லை. அளப்பவரை ஆட்சியாளர் விரும்பியபோது மாற்ற முடியும் என்றால், அவர் சொன்ன எந்த அளவையும் நம்புவதற்கில்லை என்பதே தீர்ப்பு. ஜார்ஜியாவின் சீர்திருத்தத்திலும் இந்தக் கறை உண்டு: புதிய சட்டத்துக்குப் பிறகு தற்காலிக ரெக்டர்களை அதிபரே நியமித்தார், பேராசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள், 2006-இல் போராட்டங்கள் வெடித்தன.

நுழைவுத்தேர்வும் எல்லோருக்கும் ஒரேமாதிரி நன்மை செய்யவில்லை. ஜார்ஜிய மொழித் தாள் கட்டாயம் என்பதால், தாய்மொழியில் பள்ளிக்கல்வி பெற்ற ஆர்மீனிய, அஜர்பைஜானிய சிறுபான்மைப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2010-இல் அவர்களுக்கு வழி திறந்தது. தங்கள் மொழியிலேயே பொதுத்திறன் தேர்வு எழுதலாம்; ஓராண்டு ஜார்ஜிய மொழி கற்ற பிறகு நான்காண்டுப் படிப்பு. கூடவே தனி ஒதுக்கீடு. லஞ்சத்தை ஒழித்தது ஒரு நியாயம் என்றால், இது அதைவிடச் சிறிய நியாயமல்ல.

எல்லாச் சங்கிலியும் இருந்தும் மோசடி நடக்கும் என்பதற்குச் செக் குடியரசின் பில்சன் நகரச் சட்டக்கல்லூரி சாட்சி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பைச் சில மாதங்களில் முடித்தவர்கள் அங்கே இருந்தது 2009-இல் வெளிப்பட்டது. மக்கள் அவர்களை 'டர்போ மாணவர்கள்' என்றார்கள். துணை டீன் ஒருவரின் ஆய்வேடு நகலெடுத்தது என்று தெரிந்தது. நூலகத்தில் இருக்க வேண்டிய பல ஆய்வேடுகளைக் காணவில்லை. செக் நாட்டில் ஆய்வேடுகளை வெளியிட வேண்டும் என்று சட்டம் இருந்ததும், புர்னோ நகரின் மசாரிக் பல்கலைக்கழகம் 2008 முதல் ஆய்வேடுகளை ஒப்பிட்டு நகலைக் காட்டும் பொது அமைப்பை நடத்தியதும் அடுத்த முறை இப்படிச் செய்வதைக் கடினமாக்கின.

இனி நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி. ஜார்ஜியாவின் மருத்துவக் கல்லூரிகளில் இன்று ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2010-இல் உருவான ஜார்ஜியாவின் இன்றைய தர மையம் மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்றது. 2019-இல் என்க்வா, ஈக்வார் இரண்டிலும் இடம்பிடித்தது. அங்கே நிறுவனத்துக்கு அனுமதி வேறு, பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் வேறு. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். இந்திய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் தன் நிபந்தனைகளையும் வெளியிட்டிருக்கிறது: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆறு ஆண்டுப் படிப்பும் விற்ற நிலமும் வீணாகலாம்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறவர்கள் முகவரின் வண்ணக் கையேட்டோடு நின்றுவிட வேண்டாம். ஈக்வார் 2018 முதல் ஒரு தரவுத்தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தட்டினால், அதை ஆராய்ந்த குழுவின் அறிக்கை அங்கே பதிவாகியிருந்தால் கிடைக்கும். பல ஆங்கிலத்திலேயே இருக்கும். முதலில் அந்தப் பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். பிறகு குழு சுட்டிய குறைகளைப் படியுங்கள். புரியவில்லை என்றால் ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முன்பணம் கட்டுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.